பெரியம்மா நடித்த படம்

கடற்படை உடுப்புப் போட்ட ஒருவர் கால் வழுக்கி விழுவதை நான் முதன்முதலில் பார்த்தது நாயாற்றுக் கரையில். அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள். வயிறு அவருக்கு முன்னால் நடந்து வந்தது. படகிலிருந்து இறங்கியவர் மீன் பெட்டிக்குள் காலை வைத்து, இரண்டு கைகளாலும் காற்றைப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் மணலில் குப்புற விழுந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் எழும்பி, மணலைத் தட்டிவிட்டு, யாருடனும் கோபிக்காமல் திரும்பப் போய்ப் படகில் ஏறினார். ஏறி, திரும்பவும் விழுந்தார்.

கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் படக்குழு வந்திருந்தது. உருப்படியாக ஒரு வேலையும் தெரியாத மூன்று பேர் கடற்படையில் சேர்ந்து அடிக்கிற கூத்துத்தான் படத்தின் கதை. விழுந்தவர் அந்த மூன்று பேரையும் மேய்க்கிற பெரிய அதிகாரி. நாடு முழுக்கத் தெரிந்த பகிடி நடிகர் என்றார்கள். எங்களுக்கு அவரைத் தெரியாது.

படப்பிடிப்பு முடியும்வரை எங்கள் கரையிலிருந்து யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது, படகுகளை வரிசையாக இழுத்து விடவேண்டும், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் கூட்டமாக வந்து நிற்கவேண்டும் என்று கடற்படை முகாமிலிருந்து மீனவர் சங்கத் தலைவரிடம் கேட்டிருந்தார்கள். கேட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மறுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லாதபடியால் அது கேள்வியா கட்டளையா என்பது கடைசிவரை தெரியவில்லை. இப்படியாக, மீன் பிடிக்கப் போகாமல் மீன் பிடிப்பவர்களாக நடிக்கும் வேலை எங்கள் ஊருக்குக் கிடைத்தது. நாங்கள் பிடித்ததாகக் காட்டுவதற்கு வேண்டிய மீன் வேறெங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்தது. அப்பா ஒன்றைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

வீட்டிலிருந்து புறப்படும்போது அம்மா எனக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தா. "அங்க வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கக்கூடாது, விளங்கிச்சோ?"

பெரியம்மாவும் எங்களுடன் வந்தா. அம்மாவின் ஒரே அக்கா. பக்கத்துக் காணியில் தனியாக இருந்தா. பெரியப்பா, சண்டை முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பின்னேரம் படகில் போனவர், திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை. வேறு படகொன்று கிட்டப் போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவரே பிறகு, தான் ஒன்றும் காணவில்லை என்றார். கடலில் நடக்கிறதெல்லாம் கடற்படைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது என்பது பெரியம்மாவின் எண்ணம். பிடித்துக்கொண்டு போனது அவர்கள்தான் என்று அவா சொன்னதில்லை. தெரிந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டா. முகாம் வாசல், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம், விசாரணைக்கு வந்த ஆணைக்குழு என்று எல்லா இடத்திலும் கேட்டா. எல்லா இடத்திலும் பெரியப்பாவின் படத்தை வாங்கி ஒரு கடதாசிக் கோவைக்குள் போட்டார்களே தவிர, அதை முகத்துக்கு நேரே பிடித்து ஒருவரும் பார்க்கவில்லை. வெளியில் போகும்போதெல்லாம் அவாவின் கைப்பைக்குள் பெரியப்பாவின் படம் ஒன்று இருக்கும்.

படப்பிடிப்புக்கு வருவோம். அதிகாரி விழுந்ததும் கரையில் நிற்கிற சனம் விழுந்து விழுந்து சிரிக்கவேண்டும். எங்களிடம் கேட்ட நடிப்பு அவ்வளவுதான். அது எங்களால் முடியவில்லை.

கமராவுக்குப் பின்னால் மெய்யான கடற்படைக்காரர்கள் தோளில் துவக்குகளோடு நின்றார்கள். அதிகாரி விழுவார், நாங்கள் அவர்களைப் பார்ப்போம். முதல் தரம் விழுந்தபோது அவர்களே சிரித்துவிட்டார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. இயக்குநர் கத்தினார். அவருடைய உதவியாளர்களில் தமிழ் தெரிந்த ஒரு இளைஞன் இருந்தான். கொழும்புப் பக்கத்துப் பிள்ளை. அவன் எங்களுக்கு முன்னால் வந்து, "சிரிங்கம்மா, பயப்படாம சிரிங்க. இது படம்தானே," என்றான். எங்களுக்கு எப்படிச் சிரிப்பதென்று செய்துகூடக் காட்டினான். நாங்கள் அவனை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த தரம் ஆண்களில் சிலர் பல்லைக் காட்டினார்கள். சத்தம் வரவில்லை. பல் வலிக்கு மருந்தெடுக்க வந்தவர்களைப் போல இருந்தது.

எத்தனை தரம் அந்த மனிதர் விழுந்தார் என்று தெரியாது. வெயில் ஏறிவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டையில் மீன் தண்ணீர் பட்டு மஞ்சளாகியிருந்தது. கடைசியாக விழுந்தபோது உடனே எழும்பாமல் மணலில் இருந்து மூச்சு வாங்கினார். கமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து பெரியம்மா வெளியே நடந்தா.

யாரும் தடுப்பதற்குள் அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டா. கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினா.

"ஐயா, இவர் என்ர மனுசன். கடலுக்குப் போனவர், வரேல்லை. நீங்கள் பெரியாக்களோட பழகிற ஆள். ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ ஐயா."

அவர் நடிகர் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாததல்ல. அதற்கு முந்தின நாள் மத்தியானம் முகாமின் பெரிய அதிகாரி அவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைத்ததை ஊரே பார்த்தது. பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவர் ஒரு சொல்லுச் சொன்னால் கேட்பார்கள் என்று பெரியம்மா நினைத்திருக்கிறா.

நடிகருக்குத் தமிழ் விளங்கவில்லை. இயக்குநர் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தாரோ, அல்லது ஓடுகிற கமராவுக்கு முன்னால் சும்மா இருக்க அவரால் முடியவில்லையோ, படத்தை வாங்கினார். அதைத் தலைகீழாகப் பிடித்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு திடுக்கிட்டவர் போல எழும்பி நின்று, படத்துக்கு விறைப்பாக ஒரு சலூட் அடித்து, அடித்த வேகத்தில் பின்பக்கமாக விழுந்தார்.

இந்தத் தரமும் கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. அம்மாவின் சிரிப்பு. அது ஊருக்கே தெரிந்த சிரிப்பு. தொண்டைக்குள் உருண்டு, பெரிதாகி, விக்கலில் போய் முடியும். பெரியப்பா போன பிறகு அதை நான் கேட்டதில்லை. "அக்கா நல்லா நடிக்கிறா! பாருங்கோ, அக்கா நல்லா நடிக்கிறா!" என்று அம்மா கையைத் தட்டிச் சொன்னா. என் கையையும் பிடித்துத் தட்டவைத்தா. பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள். பிறகு கடற்படைக்காரர்கள். கரை முழுக்கச் சிரித்தது. எங்களுக்கு முதுகு காட்டி நின்ற பெரியம்மா நடிகரின் கையிலிருந்த படத்திலேயே கண்ணாக இருந்தா; முதலில் சிரித்தது யார் என்று அவா கவனித்த மாதிரித் தெரியவில்லை. புத்தி சொன்ன அம்மாவே பல்லைக் காட்டியதால் நானும் வயிறு நோகச் சிரித்தேன். இயக்குநர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார்.

கமராவை நிறுத்திய பிறகு அந்தக் கொழும்புப் பிள்ளை பெரியம்மாவிடம் வந்தான். "அம்மா, ரொம்ப நல்லா செஞ்சீங்க. அவர்ட்ட என்ன சொன்னீங்க?" பெரியம்மா சொன்னதையே திரும்பச் சொன்னா. அவன் முகம் மாறிவிட்டது. நடிகர் அவனிடம் ஏதோ கேட்டார். அவன் சிங்களத்தில் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னான். பிறகு படத்தைப் பெரியம்மாவின் கையில் வைத்து, அவா முகத்தைப் பார்க்காமல், "விசாரிச்சு சொல்றாராம்," என்றான்.

அன்றைக்குப் பெரியம்மா எங்கள் குசினியில் வந்திருந்து தேத்தண்ணி குடித்தா. "சனம் சிரிச்சுது. சிரிக்கட்டும். என்ர அலுவல் நடந்தாக் காணும்," என்றா. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஓமக்கா," என்றா.

மறுமொழி வரும் என்று பெரியம்மா காத்திருந்தா. தபால்காரரின் சைக்கிள் போனால் வேலிக்கு வந்து நின்றா. பதில் வரவில்லை. படம்தான் வந்தது. ஒரு பெருநாள் விடுமுறைக்கு அதைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள் என்று ஊரில் கதை பரவியது. சங்கத் தலைவர் வீட்டில் பெரிய தொலைக்காட்சி இருந்தது. பெரியம்மா பூசைக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினா.

"தலையிடிக்குது அக்கா, நான் வரேல்லை. நீங்களும் போகவேண்டாமே," என்று அம்மா சொல்லிப் பார்த்தா.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? அவற்ர முகத்தை நாடு முழுக்கக் காட்டப் போறாங்கள். ஆரும் ஒராள் கண்டு, இந்த ஆளை இன்ன இடத்தில பாத்தனான் எண்டு சொல்லமாட்டினமே?"

என்னைக் கூட்டிக்கொண்டு போனா. முன் வரிசையில் பாயில் இருந்தோம். படத்தில் அந்த மூன்று பேரும் கயிற்றில் தொங்கினார்கள், கடலில் விழுந்தார்கள், சமையலறையில் மாவைக் கொட்டினார்கள். பெரியம்மா ஒன்றையும் பார்க்கவில்லை, காத்திருந்தா. எங்கள் கரை வந்தது. அப்பாவின் படகு வந்ததும் எல்லோரும் கத்தினார்கள். அதிகாரி விழுந்தார். பெரியம்மா வந்து நின்றா. அவா வாய் அசைந்தது. குரல் கேட்கவில்லை, அதற்கு மேல் குழலும் மேளமுமாக ஒரு கோமாளி இசை போட்டிருந்தார்கள். நடிகர் படத்தை வாங்கிப் பார்த்தார். கமரா அவருடைய முகத்தை மட்டும் காட்டியது. பெரியப்பாவின் படத்தில் எங்களுக்குத் தெரிந்தது அதன் வெள்ளை முதுகுதான்.

சலூட் அடித்து அவர் விழுந்தார். இசை நின்றது. அந்த அமைதிக்குள் அம்மாவின் சிரிப்பு, விக்கலோடு, தனியாகக் கேட்டது. "அக்கா நல்லா நடிக்கிறா!" படம் முழுவதிலும் வந்த ஒரே தமிழ் வசனம் அதுதான்.

"பெரியம்மா, அம்மான்ர குரல்! அம்மாதான் முதல் சிரிச்சவா!" என்று நான் துள்ளினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரியம்மா எழும்பினா. செருப்பையும் மறந்து நடந்துபோனா. அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கும் அவா வீட்டுக்கும் இடையில், வேலியில் நாங்கள் போய்வருகிற கடவையை முள்ளுப் போட்டு அடைத்துவிட்டா.

நடந்தது என்ன என்று அப்பா எனக்குச் சொன்னது நான் பெரியவளாகி வவுனியாவில் வேலைக்குப் போன பிறகு. பெரியம்மா படத்தை நீட்டிய நேரம், கமராவுக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் முன்னுக்கு வரத் தொடங்கினார்களாம். சீருடை இல்லாமல் கட்டம் போட்ட சேட்டோடு அவர்களுடன் நின்ற ஒருவன் தன் தொலைபேசியை எடுத்துப் பெரியம்மாவைப் படம் பிடித்தானாம். அவர்கள் என்ன செய்ய வந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது; ஒன்றும் செய்யாமலே விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் அதைப் பொறுத்திருந்து பார்க்கிற துணிவு ஒருவருக்கும் இருக்கவில்லை. அம்மா சிரித்தா. சிரித்ததால் அது நடிப்பு ஆனது. வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அப்ப ஏன் அம்மா அதைப் பெரியம்மாட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நான் சொல்லச் சொன்னனான். மாட்டன் எண்டவா. சொன்னா அக்கா பயந்துபோவா, பயந்தா பிறகு ஒரு இடமும் போய்க் கேக்கமாட்டா, என்னோட கோவமா இருக்கட்டும் எண்டு சொன்னவா," என்றார் அப்பா. பிறகு, "கொம்மா சிரிச்சது அதுதான் கடைசி," என்றார்.

பெரியம்மா பயப்படவில்லை. காணாமல்போனவர்களைத் தேடுகிற பெண்கள் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கியபோது, அவாவும் போய் அவர்களுடன் இருந்தா. முதலில் இருந்த பெண்களில் சிலர் இப்போது இல்லை. அவா இன்னும் இருக்கிறா. அம்மாவோடு இன்றைக்கும் பேச்சு இல்லை. அப்பா சொன்னதை இப்போது நான் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அப்பா சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் அம்மா என்னிடமும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறா.

இதெல்லாம் பிறகு தெரிந்தவை. கடவையை அடைத்த அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் தெரியாது. பெரியாக்கள் ஏதோ கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அம்மா மீன் குழம்பை ஒரு சட்டியில் ஊற்றி, "நீ கொண்டுபோய்க் குடு, நான் தந்தது எண்டு சொல்லாதை," என்று என்னை வீதியால் சுற்றி அனுப்பினா.

பெரியம்மா வாசலில் நின்று சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தா. அது யார் வைத்த குழம்பு என்பது அவாவுக்கு மணத்திலேயே தெரிந்திருக்கும்.

"கொம்மா என்ன செய்யிறா? சிரிச்சுக்கொண்டிருக்கிறாவோ?" என்று கேட்டா.

அம்மாவைச் சுகம் விசாரிக்கிறா என்று எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. கோபம் தீர்ந்துவிட்டது, இன்றைக்கே கடவையைத் திறந்துவிடுவா என்று நினைத்தேன். அம்மா அடுப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்ததைச் சொன்னால் பெரியம்மாவுக்குக் கவலையாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஓம் பெரியம்மா," என்றேன். "ஒரே சிரிப்புத்தான்."