பச்சைத்தண்ணி குடித்த மருந்து

மரச்சாமான் பட்டறையில் அவருக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர். போதை தரும் எதையும் வாயில் வைக்காதவர் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பட்டம் அது. ஆனால் பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி நகர்வார்கள். அவர் பாலிஷ்காரர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து நனைத்து, அலமாரியிலும் மேசையிலும் பூச்சுமேல் பூச்சாகத் தேய்ப்பது அவர் தொழில். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. குடிக்காத மனிதர், குடிகாரப் பட்டத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரிந்தார்.

அவருடைய அப்பா குடித்தே அழிந்தவர். கண் மஞ்சளாகி, வயிறு பானையாய் உப்பி, பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். ஈரல் போய்விட்டது என்றார்கள். அன்றே மகன் சத்தியம் செய்துகொண்டார். மனைவியின் அண்ணன் எத்தனையோ முறை கிளாசை நீட்டிப் பார்த்துவிட்டார். "ஒரு வாய்தான் மாப்ள, உலகம் கவுந்துடாது" என்பார். பாலிஷ்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொள்வார்.

பட்டறையில் பீப்பாயிலிருந்து புட்டிக்கு ஸ்பிரிட் இறக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ரப்பர் குழாயின் ஒரு முனை பீப்பாய்க்குள், மறு முனை வாயில். ஒரே இழுப்பு. திரவம் உதட்டைத் தொடுவதற்குள் குழாயைப் புட்டியில் சொருகிவிட வேண்டும். புதுப் பீப்பாய் வந்த அன்று அவர் இழுத்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவர், அதற்குள் பெரிய மடக்கு ஒன்றை விழுங்கிவிட்டார். மிச்சத்தைத் துப்பி வாய் கொப்பளித்தார்.

"பச்சைத்தண்ணி கலங்கிடுச்சுடா" என்றார் தச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தவருக்கு வீடு முழுக்கப் பனி இறங்கியதுபோல் இருந்தது.

"சன்னலைச் சாத்து. ஒரே புகை."

"புகையா? எங்கங்க புகை?" என்று மனைவி அருகில் வந்தாள். அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் அசைந்தது. பலகையின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கிற தொழில். கண் போனால் கையும் போனதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன குடிச்சீங்க?"

"நான் குடிக்கிறதே இல்லம்மா. பட்டறையில ஸ்பிரிட் ஒரு வாய் உள்ள போயிடுச்சு."

"எந்த ஸ்பிரிட்?"

"ஸ்பிரிட்தான்."

அரக்கைக் கரைப்பது எதுவானாலும் பட்டறையில் அதற்கு ஸ்பிரிட் என்ற ஒரே பெயர்தான். டாக்டரம்மா முதலாளிக்குப் போன் செய்து, பீப்பாயில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னார். மெத்தனால். பழைய பீப்பாய்களில் வந்தது எத்தனால்.

பெயரில் ஒரு எழுத்துத்தான் வேறு. நிறம் ஒன்று, வாடையும் ஏறக்குறைய ஒன்று. உடம்புக்குள் போனபிறகுதான் இரண்டும் பிரிகின்றன. ரத்தப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பிவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "மெத்தனால் அப்படியே இருந்தா இவ்வளவு கெடுதல் இல்ல. நம்ம ஈரல்தான் அதைக் கெடுக்குது. ஈரல்ல ஒரு நொதி இருக்கு. சாராயத்தை உடைக்கிறது அதோட வேலை. மெத்தனால் வந்தாலும் சும்மா விடாது, உடைச்சு ஃபார்மிக் அமிலமாக்கிடும். எறும்பு கடிச்சா எரியுது பாருங்க, அந்த அமிலம். கண்ணு நரம்பை அதுதான் தின்னுது."

"அப்ப என்னம்மா செய்யிறது?" என்றாள் மனைவி.

"அந்த நொதிக்குப் பிடிச்ச சாப்பாடு எத்தனால்தான். ரெண்டும் எதிர்ல இருந்தா எத்தனாலைத்தான் முதல்ல எடுக்கும், மெத்தனால் காத்துக் கிடக்கும். அதுக்குள்ள நாங்க மெஷின் வெச்சு ரத்தத்திலிருந்து அதை வெளியே எடுத்துடுவோம். இதுக்குன்னு இருக்கிற மருந்து இங்க இல்ல. அதனால இவருக்கு பிராந்தி கொடுக்கணும். முத்திரை உடைக்காத பாட்டில், வீரியம் அச்சடிச்சிருக்கணும்."

வாசலில் நின்ற மைத்துனர் ஓட்டமும் நடையுமாகப் போய் வாங்கி வந்தார். பாட்டிலை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே வந்தார். "எத்தனை நாள் கெஞ்சினேன் மாப்ள. இப்படிக் குடிக்கணும்னா கெஞ்சினேன்?"

நர்ஸ் அதைப் பழச்சாற்றில் கலந்து அளந்து நீட்டினார். பாலிஷ்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"வேணாம். எங்கப்பாவைத் தின்னது இதுதான்."

மனைவி நர்ஸின் கையிலிருந்து கிளாசை வாங்கினாள். "உங்கப்பாவுக்கு இது எமன். இன்னிக்கு உங்களுக்கு வைத்தியர். எமனே வைத்தியனா வந்து நிக்கும்போது வாசலை அடைப்பாங்களா? நான் குடுக்கிறேன். குடிங்க."

குடித்தார். தொண்டை எரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கியது. ஒருபுறம் இயந்திரம் அவர் ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக்கொண்டிருந்தது. அமிலத்தை முறிக்கச் சோடா மருந்து நரம்பு வழியே ஏறியது. மணிக்கொரு முறை கிளாஸ் வந்தது. சர்க்கரை இறங்கிவிடக் கூடாதென்று நர்ஸ் அடிக்கடி விரலைக் குத்திப் பார்த்தார். முகம் சிவந்தது, நாக்குத் தடித்தது, பிறகு கட்டவிழ்ந்தது.

"டாக்டரம்மா, எங்க வீட்டுச் சமையல்ல உப்பே இருக்காது. கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு..."

"பேசுங்க, பேசுங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மனைவி. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. வேறெதிலோ லயித்திருந்தார். யாரும் கற்றுக்கொடுக்காமல், விளக்குகூட இல்லாத இருட்டில், இரண்டு துளிகளுக்கு நடுவே எதைத் தொடுவது என்று தேர்ந்தெடுக்கிற ஒன்று தன் உடம்புக்குள் இருக்கிறது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. தன்னைப்போல் ஸ்பிரிட் என்று ஒரே பெயர் வைத்து ஏமாறவுமில்லை. அப்பாவுக்காகவும் அது இப்படித்தான் ஓயாமல் உடைத்துக் கொட்டியிருக்கும். அப்பாதான் அதற்கு ஓய்வே தரவில்லை. இத்தனை காலமும் ஈரல் அப்பாவைக் கைவிட்டது என்று நினைத்திருந்தார்.

வெள்ளை உடனே விலகவில்லை. மறுநாள் திரைச்சீலை இருக்குமிடம் தெரிந்தது. அடுத்த நாள் அதில் கோடுகள் தெரிந்தன. அமிலம் அதிகம் சேர்வதற்குள் வந்துவிட்டதால் நரம்பு பிழைத்துக்கொண்டது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல் தங்கிவிடலாம், வேலைக்குத் தடையில்லை.

அவர் மனைவியைப் பார்த்தார். மூக்கு, கண்ணுக்குக் கீழே தூங்காத கருப்பு, கலைந்த தலை, எல்லாம் தெரிந்தது. பார்த்துக்கொண்டே வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்குமிடத்தில், உள்ளங்கையை வைத்தார்.

"வலிக்குதாங்க?" என்று பதறினாள்.

"இல்ல" என்றார். "சத்தம் போடாதே. உள்ள வேலை நடக்குது."