கறை படாத கோட்டு

“இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். சலவைக் கடையில் கறை எடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக ஊரார் படித்த படிப்பையெல்லாம் அவர்கள் துணியைப் பார்த்தே எடைபோடுகிறார். வக்கீல் கோட்டில் வியர்வை, இன்ஜினியர் சட்டையில் கிரீஸ், டாக்டர் கோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே ஒரு வெள்ளைக் கோட்டு மட்டும் ஐந்து வருடமாக, வாராவாரம், போனபடியே திரும்பி வந்தது. அது கல்லூரி வேதியியல் பேராசிரியருடையது. அடையாளத்துக்கு அதன் காலர் நுனியில் சிவப்பு நூலால் ஏழு என்று தைத்திருந்தார் அம்மா.

“கெமிஸ்ட்ரி படிடி. ஒரு சொட்டு அழுக்கு கிடையாது.”

நேர்காணலில் அந்த ஏழு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. ஏன் இந்தப் பாடம் என்று கேட்டது. எனக்குப் பொய் வாயில் வரவில்லை. “உங்க கோட்டுதான் சார் காரணம்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பக்கத்திலிருந்த ஆசிரியை இருமுவதுபோல் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

“கூரை ஒழுகி லேப்பைப் பூட்டி அஞ்சு வருஷம் ஆச்சும்மா. நான் போர்டுல குடுவை வரையறதோட சரி. உனக்குன்னு ஏதாவது தெரிஞ்சுக்கணும்னு இருக்கா?”

“ரத்தக் கறையை வெந்நீர்ல போட்டா போகவே போகாது, பச்சத்தண்ணியில போயிடும்னு அம்மா சொல்வாங்க. ஏன்னு கேட்டா, ‘அது அப்படித்தான், வேலையைப் பாரு’ம்பாங்க. ஏன் சார்?”

பேராசிரியர் பேனாவை எடுத்தார். ஒரு துண்டுத்தாளில் வேறொரு கல்லூரியின் பெயரை எழுதினார். “அங்க லேப் திறந்திருக்கு. நீயே செஞ்சு பாரு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் விண்ணப்பம் வாங்குவாங்க. ஓடு.”

வாசலில் அரைநாள் லீவு போட்டு நின்ற அம்மாவிடம் சொன்னேன்.

“சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன் கோட்டுக்கா வாராவாரம் கஞ்சி போட்டேன்?”

“அம்மா, பஸ்ஸு!”

ஏறி உட்கார்ந்தும் அவருக்கு ஆறவில்லை. “அந்தக் காலேஜ்ல கோட்டெல்லாம் எப்படி இருக்கும்?”

“கறையா இருக்கும்மா.”

அடுத்த நிறுத்தத்தில் அம்மா தலையாட்டினார். “அப்ப வேலை செய்யறாங்க.”

நாலு ஐம்பதுக்கு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். தேர்வானோர் பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர் என்னுடையது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது பிள்ளைக்குப் படிப்பு தேடிக்கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்று கேட்பார்கள். அதைச் சொல்ல வேண்டாம். சேருவதற்கு முன்னால் லேப் கதவைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.