சக்கரபாணி போட்ட குண்டு

காணை கிராமத்துச் சக்கரபாணிக்கு இரண்டு விஷயத்தில் வாய் சும்மா இருக்காது. ஒன்று மழை, இன்னொன்று கார். மழையைப் பற்றிப் பேசினால் திட்டு வரும், காரைப் பற்றிப் பேசினால் பெருமை வரும். மழையைத் திட்டியதால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

மூன்று ஏக்கர் கரும்பு, ஒன்றரை ஏக்கர் நெல், பத்தாவதோடு நின்ற படிப்பு. கிணற்று டீசல் எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே கைப்பழக்கம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் தவறிப்போன பிறகு, அவர் வீட்டு ஷெட்டில் ஒன்பது வருஷமாக எலி குட்டி போட்டுக்கொண்டிருந்த பத்மினி காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊரே சிரித்தது. நாற்பதாவது நாள் அதே காரில் மனைவியை உட்காரவைத்து மேல்மலையனூர் கோயிலுக்குப் போய் வந்தார். அன்றைக்குத் தலைக்கு ஏறிய கர்வம் அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

"கரும்புக்குத் தண்ணி கட்டற நேரத்துல காருக்கு கிரீஸ் அடிச்சிக்கினு கெடக்கறாரு" என்று மனைவி தைலம்மாள் தெரு முழுக்கச் சொல்வாள். அதையும் அவர் புகழ்ச்சிக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இப்படிப் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடைப் புளியமரத்தடியில் கூடுவார்கள். மரக்காணத்திலிருந்து மீன் வியாபாரி சின்னதுரை ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரில் வருவார். கதவைத் திறந்தாலே கருவாட்டு வாசனை ஆளைத் தூக்கும். இவர்கள் மெக்கானிக்கிடம் போவதில்லை. இந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டியின் வயிறு தெரியாது. ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் கேட்டுக்கொள்வார், உதிரி சாமானை மாற்றிக்கொள்வார்கள், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் வண்டிக்கு அடியில் இன்னொருவர் படுப்பார். யாருடைய வண்டியில் யார் கை வைத்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் சக்கரபாணிக்கு மிகவும் பிடித்தவர் திண்டிவனம் தேவசகாயம். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர், வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தார். ஆயுசு முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்தவர் என்பதால் எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்காமல் செய்யமாட்டார். கேட்பதும் நேராகக் கேட்கமாட்டார், சுற்றிவளைத்து, எதிராளி மனம் கோணாமல் கேட்பார். ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்கக்கூட திண்டிவனத்திலிருந்து போன் வரும். சக்கரபாணிக்கு அதில் அலுப்பே கிடையாது. கேட்க ஒருவர் இருப்பது எவ்வளவு சுகம் என்பது சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்தார் பேச்சில் வேலை இரண்டு வகை. வீட்டில் ஆற அமர, சரியான சாமான் போட்டுச் செய்வது வீட்டு வேலை. நடுரோட்டில் நின்றுபோன வண்டியை எப்படியாவது கிளப்பி ஊர் சேர்ப்பது வழி வேலை. வழி வேலையை வீடு வந்ததும் பிரித்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அந்த வருஷம் மாசி மாதம், கூட்டத்துக்கு வருகிற வழியில் கூட்டேரிப்பட்டு அருகே தேவசகாயம் வண்டியின் பின் இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. சக்கரத்துக்குள் இருக்கிற சிலிண்டர் போய்விட்டது. பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில்தான் ஓடும், ஒரு இடத்தில் ஒழுகினால் எல்லாப் பிரேக்கும் போகும். போன் வந்ததும் சக்கரபாணி பத்மினியை விரட்டிக்கொண்டு போனார். பக்கத்து சைக்கிள் கடையில் சக்கரத்துக்குப் போடும் இரும்புக் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். வண்டிக்கு அடியில் படுத்து, ஒழுகுகிற சக்கரத்துக்குப் போகும் குழாயின் வாயில் அந்தக் குண்டை அடைத்து நட்டை இறுக்கினார். இருபது நிமிஷம். மற்ற மூன்று சக்கரத்தில் பிரேக் பிடித்தது.

"வழி வேலை சார். மெள்ள வீடு போய்ச் சேருங்க, சிலிண்டர் வந்ததும் மாத்திடலாம்" என்றார் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே.

சொன்னார். அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னால் அவர் தன் மனசோடு மல்லுக்கு நின்றபோதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதக் கூட்டத்தில் தேவசகாயம் டீ கிளாசோடு எல்லோர் நடுவிலும் நின்று பேச்சை ஆரம்பித்தார்.

"நாலு மாசம் ஆவுது. நம்ம சக்கரபாணி போட்ட குண்டு அப்படியே நிக்குது. எத்தினி நாளைக்குங்க நிக்கும் அது?"

கூட்டம் சிரித்தது. "சக்கரபாணி போட்ட குண்டு வெடிக்காதுங்க" என்றார் சின்னதுரை. யாரோ கைதட்டினார்கள். சக்கரபாணிக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. அந்த நட்டு நான்கு மாதக் குலுக்கலில் இளகியிருக்கும், அதை இன்றே பிரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நிமிஷம் அந்த அறிவு அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

"நான் போட்டது சார். இன்னும் நாலு மாசம் நிக்கும்" என்றார்.

தேவசகாயம் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

அடுத்து வந்த அமாவாசை அன்று மதியம், செஞ்சியிலிருந்து திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தார் தேவசகாயம். எதிர்ப்பக்கம் மேல்மலையனூர் போகிற கூட்டம் ரோட்டோரம் நிரம்பி நின்றது. முன்னால் போன பஸ் ஒன்று சட்டென்று நின்றது. அம்பாசிடர் நிற்கவில்லை. கூட்டத்தின்மேல் ஏறாமல் இடதுபக்கம் ஒடித்து ஒரு புளியமரத்தில் மோதியது. வேறு ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தேவசகாயம் அங்கேயே போய்விட்டார்.

வந்து பார்த்துவிட்டுப் போன போலீஸ்காரர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை. அப்படியானால் பிரேக்கே போடவில்லை. தூங்கிவிட்டார்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் சக்கரபாணிக்குப் போன் வந்தது. தேவசகாயத்தின் மனைவி சவுரியம்மாள்.

"அண்ணே, அன்னிக்கி எனக்கு ரெண்டு நாளா ஜுரம். ரெண்டு ராத்திரியும் மனுசன் கண்ண மூடல, ஈரத்துணி போட்டுக்கினே உக்காந்திருந்தாரு. செஞ்சியில அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம், நீங்களாவது போய்த் தலையக் காட்டிட்டு வாங்கன்னு நான்தான் தொரத்துனேன். தூங்கிட்டாருன்னு சொல்றாங்க. நான்தான் கொன்னுட்டேனா? நீங்க வண்டியப் பாத்தா தெரியும் இல்ல? பாத்துட்டு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

போலீஸ் ஸ்டேஷன் பின்புறம், பிடித்துவைத்த மணல் லாரிகளுக்கு நடுவே அம்பாசிடர் நின்றது. முன்பக்கம் எஞ்சின்வரை அப்பளமாக நொறுங்கியிருந்தது. பின்பக்கம் கலையாமல் இருந்தது. சக்கரபாணி சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அடியில் படுத்தார். அந்த நட்டு விரலுக்கே சுழன்றது. குண்டு ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அங்கிருந்து கீழே ஆயில் வழிந்து, அதன்மேல் ரோட்டுப் புழுதி அடையடையாகப் படிந்திருந்தது. ஒருநாள் ஒழுகல் இல்லை, பல நாளாகக் கசிந்திருக்கிறது. பிரேக் பெடலை எட்டிப் பார்த்தார். அது அடிப்பலகைவரை போய், மோதலில் மடங்கிய தகட்டில் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது.

முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மிதித்திருக்கிறார். கால் சும்மா உள்ளே போயிருக்கிறது.

அந்த லாரிகளின் நிழலில் சக்கரபாணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை. "ஒண்ணும் தெரியலம்மா, நொறுங்கிப் போச்சி" என்றால் போதும். கூட்டத்தில் அவர் பெயர் அப்படியே இருக்கும். பதிலுக்கு அந்த அம்மாள் தன் ஜுரம்தான் புருஷனைக் கொன்றது என்று சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பாள். பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்து திண்டிவனத்துக்குப் போனார்.

கூடத்தில் தேவசகாயத்தின் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். சவுரியம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். சக்கரபாணி நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"அவரு தூங்கலம்மா. பிரேக்க மிதிச்சிருக்காரு, புடிக்கல. ஆயிலு ஒழுகிப் பூட்டுது. நான் மாசியில ஒரு குண்டு போட்டேன் இல்ல, அதான் நழுவிடுச்சி. வேற ஒண்ணும் இல்ல. நான் போட்டதுதான்."

"தூங்கல?"

"தூங்கல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. உங்க மேல ஒரு தப்பும் கெடையாது."

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் பாரம் இறங்குகிற அழுகை. சக்கரபாணி காத்து நின்றார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். அவள் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் பேசினாள்.

"புது சிலிண்டரு மெட்ராஸ் புதுப்பேட்டையிலருந்து வந்து ரெண்டு மாசம் ஆவுதுண்ணே. மாத்திடுங்கன்னு நானும் சொல்லிக்கினேதான் இருந்தேன். சக்கரபாணி போட்டத அவரக் கேக்காம கழட்டினா மனசு கஷ்டப்படுவாருன்னாரு. உங்க கூட்டத்து ஞாயித்துக்கெழம அந்தப் பெட்டிய டிக்கியில போட்டுக்கினுதான் உங்ககிட்ட வந்தாரு. கேட்டுட்டு அங்கயே மாத்திக்கினு வந்துடறேன்னாரு."

"எங்கிட்டயா?" என்றார் சக்கரபாணி.

"சாயந்திரம் வந்தாரு. இன்னா ஆச்சின்னேன். கேட்டேன், இன்னும் நாலு மாசம் நிக்கும்னு சொல்லிட்டாருன்னாரு. பெட்டிய எடுத்து அலமாரியில வெச்சிட்டாரு."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தபோது தேவசகாயம் கேட்டது கேள்வி. வழக்கம்போல், மனம் கோணாமல், சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறார். பதிலுக்காக டிக்கியில் சாமானோடு நின்றிருக்கிறார். சக்கரபாணி அதைப் புகழ்ச்சி என்று வாங்கிக்கொண்டு, கைதட்டலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

சவுரியம்மாள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்காத ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து அவர்முன் நீட்டினாள்.

"இங்க இருந்து இன்னா பண்ணப்போவுது. அம்பாசிடர் வெச்சிருக்கறவங்க யாருக்காவது குடுத்துடுங்கண்ணே."

சக்கரபாணியால் கையை நீட்ட முடியவில்லை.