ஒரு சாண் ரப்பர்

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு சாண் ரப்பருக்காக. அந்த ரப்பரைத் திருடி ஒளித்து வைத்திருந்தவள் நான்.

அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில், மாதா கோவிலுக்குப் பின்னால் போகும் தெருவில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். அப்பா ஒரு பெரிய தொழிற்சாலையில் வருடக்கணக்காக ஃபிட்டர் வேலை பார்த்தவர். அந்த வருடம் தொழிற்சாலையை மூடி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா ஒழுங்காகச் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காலை ஏழு மணி ஆனால் ஷூ போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில், அதே ஷூவோடு இருப்பார். ஏன் போட்டுக்கொள்கிறார் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சும்மா காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று அப்பாவை ஆனேக்கல் பக்கம் கூட்டிப்போனார். போகும்போது ஜீப் மட்டும்தான் போனது. வரும்போது அதன் பின்னால் ஒரு வீடும் வந்தது.

வீடு என்றால், ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் சின்ன டிரெய்லர். இரண்டு சக்கரம், ஒரு கதவு, மூன்று ஜன்னல். உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு. நடுவில் ஒரு பலகையைப் போட்டால் மூன்று பேர் படுக்கலாம். நான்காவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். எந்த அதிகாரியோ எந்தக் காலத்திலோ காட்டில் தங்குவதற்காகச் செய்துகொண்ட வண்டி. கடைசிக் காலத்தில் அது ஒரு தோட்டத்தில் கோழிக்கூண்டாக இருந்திருக்கிறது. தோட்டக்காரர் கோழிகளை மட்டும் இறக்கிக்கொண்டார், மற்றதெல்லாம் உள்ளேயே இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

அப்பாவின் திட்டம் பெரியது. மே மாதக் கடைசியில் அந்த வண்டியில் நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும். எங்கள் கோவில் பங்கில் வேளாங்கண்ணி போகாத குடும்பம் நாங்கள் ஒன்றுதான். பஸ்ஸில் ஏறினால் ஹோசூர் வருவதற்குள் அம்மாவுக்குக் குடல் வெளியே வந்துவிடும். இந்த வண்டியென்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், படுக்கலாம், கஞ்சி வைத்துக் குடிக்கலாம். எங்கள் பயணம் நல்லபடியாக முடிந்தால் அப்புறம் பஸ் ஒத்துக்கொள்ளாத மற்றவர்களையும் கூட்டிப்போகலாம், அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அது. எனக்கோ கடல்தான் கணக்கு. அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை.

தெருவில் அதற்கு டப்பா என்று பெயர் விழுந்துவிட்டது. டப்பா நின்றதால் எதிர்வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டரைத் திருப்ப இடமில்லை. தினமும் காலையில், “யாவாக ஹோகுத்தே சார்?” என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கேட்பார். எப்போது கிளம்பும் என்ற அந்தக் கேள்வியில் சிரிப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

கிளம்பவிடாமல் செய்தது ரப்பர்தான். வண்டியின் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் ஓரங்களில் அலுமினியப் பட்டை அடித்து, அதன் நடுப்பள்ளமான காடிக்குள் ரப்பர் பட்டையை அழுத்தி வைத்திருப்பார்கள். பீடிங் என்பார்கள். திருகாணிகளை மூடி மழைத் தண்ணீரை வெளியே நிறுத்துவது அதுதான். எங்கள் டப்பாவில் அது வெயிலில் காய்ந்து, அங்கங்கே பிடிவிட்டுத் தொங்கியது. ஏப்ரல் கடைசியில் பெய்த முதல் மழையிலேயே அப்பா புதிதாகத் தைத்துப்போட்ட மெத்தைகள் இரண்டும் ஊறிப்போயின.

அன்றைக்குத்தான் அம்மா வாய் திறந்தாள். மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். “பாருங்க, நான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. தெருவே சிரிக்குது. இந்த ரப்பரை மாத்துங்க. அடுத்த மழைக்கு ஒரே ஒரு சொட்டு தண்ணி உள்ள வந்துச்சுன்னா இது குஜிரிக்குப் போயிடணும். அவ்ளோதான்.”

குஜிரி என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்புக் கடை. அப்பா சரி என்று தலையாட்டினார். கண் மட்டும் கதவோரம் கிடந்த ஷூவுக்குப் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டிலிருந்து புது பீடிங் வந்தது. கறுப்பாக, பளபளவென்று, புதுச் செருப்புக் கடையின் வாசனையோடு. அப்பா வண்டியை மூன்று தடவை அளந்துவிட்டு வாங்கிய ரப்பர். அளவு விஷயத்தில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. “ஒரு விரக்கடை கூட மிஞ்சாது” என்றார்.

“மிஞ்சினா?”

“மிஞ்சினா உனக்கு.”

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ரப்பரை வட்டமாக வளைத்து நுனிகளைச் சேர்த்தால் என் கைக்கு அருமையான வளையல் ஆகும் என்று பார்த்தவுடனே நான் முடிவுசெய்திருந்தேன்.

மறுநாள் காலையில் ரப்பரை வெயிலில் போட்டு இளக்கினோம். காடியில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு முனையிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். என் விரல் சின்னது என்பதால் மூலைகள் என் பொறுப்பு. வேலை தொடங்கும் முன் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். “இழுக்கக் கூடாது பாப்பா. தள்ளித் தள்ளி வை. இழுத்தா நீளும். அப்புறம் குளிர் பட்டா சுருங்கிக்கும், ஓரத்துல வாயைப் பொளந்துக்கும்.”

மூன்று பக்கம் அவரோடு சேர்ந்து நல்லபிள்ளையாகச் செய்தேன். பின்பக்கம் பாதி இருக்கும்போது மாமா வந்து ஜீப்பின் கொக்கியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார். நான் தனியாக இருந்தேன். கையில் ரப்பர் இருந்தது. கொஞ்சம் இழுத்தேன். உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கடைசி மூலையை எட்டியபோது என் கையில் முழுசாக ஒரு சாண் மிஞ்சியிருந்தது. அதைக் கத்தரியால் வெட்டி ஜட்டிக்குள் செருகிக்கொண்டு உள்ளே ஓடி, பென்சில் டப்பாவில் சுருட்டிவைத்தேன். அப்பா வந்து விரலால் தடவிப் பார்த்து, “சரியா இருக்கு, பார்த்தியா?” என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு வளையல் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மே மாதத்துப் பெங்களூர் மழை, ஆலங்கட்டியோடு. அப்பா வண்டிக்குள் போக மறுத்துவிட்டார். “நான் பார்த்தா நான் ஒண்ணு சொல்லுவேன். நீயே போய்ப் பாரு” என்றார் அம்மாவிடம். அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

கூரையில் மழை விழும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு மூலையாகக் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஜன்னல்கள் காய்ந்திருந்தன. கடைசியில் பின்பக்க மூலைக்கு வந்தபோது ஒரு சொட்டு மெதுவாக உருண்டு, மெத்தையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெளியே நான் வைத்த ரப்பர் அப்பா சொன்னபடியே பின்வாங்கி, ஒரு சாண் காடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வேளாங்கண்ணி போயிற்று, கடல் போயிற்று, நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பா மறுபடியும் ஷூ போட்டுக்கொள்ளப்போகிறார், எல்லாம் என்னால்தான்.

அம்மா அந்தச் சொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி, பெஞ்சில் ஏறி நின்று, மூலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். மழை விடும்வரைக்கும் அப்படியே நின்றாள். அரைமணி நேரமாவது இருக்கும்.

“கை வலிக்கலையாம்மா?”

“பேசாம இரு.”

மழை நின்றதும் தலைப்பைக் கதவு வழியாகப் பிழிந்துவிட்டு, மெத்தையைத் திருப்பிப் போட்டு, வெளியே வந்தாள். வாசல்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கேட்கத் தைரியம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“ஒரு சொட்டு இல்லைங்க” என்றாள் அம்மா.

“சேலை நனைஞ்சிருக்கே?”

“குடை ஒழுகுது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேனா தொலைந்ததற்கு நான் சொன்ன பொய்க்காக முட்டி போடவைத்தவள் அவள். ஒருவேளை பெரியவர்களுக்குப் பொய்யில் சலுகை உண்டோ என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் காலையில் பென்சில் டப்பாவைப் பார்த்தால் ரப்பர் இல்லை. முந்தின நாள் அதை மேஜைமேல் திறந்தபடி விட்டுவிட்டு அம்மாவோடு ஓடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கட்டிலுக்கு அடியில், துணிமூட்டையில், எங்கும் தேடினேன். யாரிடமும் கேட்க முடியாத நிலைமை. ஆனால் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, புனித அந்தோணியாரின் நாள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்பது எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் கோவிலில் நவநாள் செபத்துக்குப் போய், அவருடைய சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ரப்பர் கிடைத்தால் வளையல் செய்யமாட்டேன், அந்த மூலையில் நானே வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் டப்பாவின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூலையில் இடைவெளி இல்லை. என் ஒரு சாண் ரப்பர் அந்தக் காடிக்குள் அளவெடுத்து வெட்டினாற்போல உட்கார்ந்திருந்தது. இணைப்பில் கறுப்புப் பசைகூடத் தடவியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்டுபிடித்துத் தருவார் என்று தெரியும், வந்து பொருத்தியும் கொடுப்பார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் மழை. நானே உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் ரப்பரை இழுத்தது, வெட்டியது, ஒளித்தது, தொலைத்தது எல்லாம். அம்மாவின் சேலையை மட்டும் விட்டுவிட்டேன். “அந்தோணியாரே வந்து வெச்சுட்டுப் போயிருக்காருப்பா” என்று முடித்தேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நல்ல ஃபிட்டர்தான் அவரு” என்றார்.

கொஞ்சம் கழித்து, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “குடையையும் அவர்கிட்ட காட்டினேன். எங்கயும் ஓட்டையே இல்லைன்னுட்டாரு.”

அம்மாவின் கை பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். அப்புறம் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். தொழிற்சாலை மூடியபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு மட்டும் சிரிக்க எதுவும் தெரியவில்லை. இவ்வளவு செய்த ஒரு புனிதரை வைத்து இரண்டு பேரும் கேலி செய்கிறார்களே, இனி டப்பா வழியில் கவிழாமல் போய்ச் சேருமா என்று பயந்துபோனேன்.

கவிழவில்லை. மே மாதக் கடைசியில், எதிர்வீட்டுக்காரர் கைதட்டி வழியனுப்ப, மாமாவின் ஜீப் எங்களை இழுத்துக்கொண்டு போனது. அம்மா ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. வேளாங்கண்ணியில் கடலைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தோணியார் சுரூபம் எங்கே என்று தேடிப்போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

“இது எதுக்கு?” என்றார் பின்னாலேயே வந்த அப்பா.

“அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்கல்ல, அவர் கோவிச்சுக்கக் கூடாதுன்னு.”

அப்பா திரும்பி, கூட்டத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு இன்னொரு மெழுகுவர்த்தியை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். “இதையும் ஏத்திடு. இன்னும் நிறைய சிரிக்கவேண்டியிருக்கு.”

செய்யாத தப்புக்கு எதற்கு முன்கூட்டியே மன்னிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஏற்றினேன்.