மருதம்மாள் சொன்ன சைனாக் கதை

எங்கள் காம்பவுண்டில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. என் வாய்க்குப் பயந்து எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. மருதம்மாளுக்கு மட்டும் அப்படி ஒன்றும் கிடையாது. 'கடைசி ரூம்' என்பார்கள், அவ்வளவுதான். "கடைசி ரூம் தண்ணி புடிச்சிருச்சா?" "கடைசி ரூம் இன்னைக்கு வேலைக்குப் போகலையா?" வாடகைக்கு இருக்கிற மனுஷியை விட்டுவிட்டு அறையைக் கூப்பிடுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். அவளுக்கு எரிச்சல் வர வழியில்லை. காது கேட்காது.

ஊர் பரமக்குடிப் பக்கம். ஏழெட்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது, பிறகு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அண்ணன் குடும்பத்தோடு திருப்பூர் வந்து, முதலிபாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக் கடைசி அறையில் குடியேறினாள். பிறகு அண்ணன் தறி வேலை கிடைத்து வெள்ளகோவிலுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனபோது, "நல்ல செக்கிங் வேலை, அதை எதுக்குக் கெடுக்கணும்" என்று சொல்லி இவளை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். பொங்கலுக்குப் பொங்கல் வந்து எட்டிப் பார்ப்பான். அவனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதோடு விடுகிறேன்.

நானும் அவளும் ஒரே பனியன் கம்பெனி. நான் ஓவர்லாக் டெய்லர், அவள் செக்கிங். தைத்து வந்த பீஸை விரித்துப் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மெஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் கம்பெனியில் எல்லோரும் கையால்தான் பேசுவோம். உள்ளங்கையைத் தடவிவிட்டால் பீஸ் நன்றாக இருக்கிறது. மணிக்கட்டைத் திருகினால் ஆல்டர், பிரித்துத் தைத்தால் சரியாகும். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் ரிஜெக்ட், இனி ஒன்றும் செய்ய முடியாது. சூப்பர்வைசரைத் திட்டுவதற்கும் சைகை உண்டு, அது வேண்டாம்.

மெஷின் ஓடும்வரை மருதம்மாளும் எங்களில் ஒருத்தி. டீக்கு மெயின் சுவிட்சை அணைத்ததும் எங்கள் எல்லோருக்கும் வாய் திறந்துகொள்ளும். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு காம்பவுண்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள், டிவி பார்க்க. அவளும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நிற்பாள். நாடகத்தில் மாமியாரும் மருமகளும் அடுப்படியில் நின்று பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் சிரித்தால் எங்களைப் பார்த்துவிட்டு அவளும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி. எதற்குச் சிரித்தோம் என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. சற்று நேரத்தில் போய்த் துணி துவைக்க ஆரம்பித்துவிடுவாள். துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாயிரத்து ஆறில் என் வீட்டுக்காரர் ஜெபக்குமார் வேலை பார்த்த நிட்டிங் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொடுக்க ஒரு சைனாக்காரர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார். இவர் அவருக்குக் கையாள். அந்த மனிதருக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பேச ஆள் இல்லை. சாயங்காலமானால் அறையில் உட்கார்ந்து சி.டி. போட்டு அவர்கள் ஊர்த் தொடரைப் பார்ப்பாராம். ஊருக்குக் கிளம்பும்போது பிளேயரையும் ஒரு பெட்டி சி.டி.யையும் இவர் கையில் கொடுத்து, தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன எழவ வாங்கிட்டு வந்துருக்கிய? ஒரு வார்த்த புரியுமா?" என்று நான் கத்தினேன். சும்மா கொடுத்தால் வேண்டாம் என்பார்களா என்று அவர் பிளேயரை டிவியில் மாட்டினார்.

வார்த்தை புரியவில்லைதான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பனி மூடிய மலை. வெள்ளை அங்கி போட்ட ஒருவன் வாள் மேல் நின்றுகொண்டு ஆகாயத்தில் போகிறான். ஒரு கொக்கு குளத்தில் இறங்கிப் பெண்ணாகிறது. சிவப்புப் பட்டு உடுத்திய ஒருத்தி கையை வீசினால் சட்டைக் கை அப்படியே நீண்டு மரத்தை முறிக்கிறது. எங்கள் கண் எங்கே போகும்? "அக்கா, அந்தக் கைக்கு எத்தன மீட்டர் துணி புடிக்கும்?" என்று கேட்டாள் பக்கத்து அறை வெள்ளையம்மாள். "இவ்வளவு பறக்காளே, ஒரு பிசிறு தெரியுதா பாரு" என்றேன் நான். நம் நாடகத்தில் அடுப்படியை விட்டு ஒருத்தி வெளியே வர ஒரு வாரம் ஆகும். இங்கே நினைத்தால் மேகத்துக்குப் போகிறார்கள். நாள் முழுக்க ஒரே ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. அப்போது கதவு நிலையில் தொடை தட்டும் சத்தம். திரும்பினோம். மருதம்மாள் திரையில் இருந்த நரைத்தாடிக் கிழவரைக் காட்டி, இரண்டு விரலால் வெட்டினாள். ரிஜெக்ட்.

"பெரிய சாமியார் மாதிரி இருக்காரு, அவரையா சொல்லுதா?" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கிழவர் ஒரு கிண்ணத்தில் விஷத்தைக் கலந்தார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டிவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் ஆசையாக நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு முகம் வரும்போதும் அவளிடம் கேட்டோம். அவள் சொன்னாள். சிவப்புப் பட்டுக்காரி ஆல்டர், உள்ளே நல்லவள். வெள்ளை அங்கிக்காரனுக்கு நெற்றியைத் துடைத்துக் காட்டினாள்: பழசெல்லாம் மறந்துவிட்டது. கொக்குப் பெண்ணைக் காட்டிக் கழுத்தில் தாலி முடிச்சுப் போட்டாள்: இவன் பெண்டாட்டி, போன பிறவியில் கட்டியவள், அவனுக்கு ஞாபகம் வரக் காத்திருக்கிறாள். அந்தப் பெண் அவனைப் பார்த்து அழுத அழுகைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. வெள்ளையம்மாள் மூக்கைச் சிந்தினாள். நானும்தான்.

அடுத்த ஞாயிறு அவளை நிலைப்படியில் நிற்கவிடவில்லை. டிவிக்குப் பக்கத்தில், எங்களைப் பார்க்கிற மாதிரி பாய் விரித்து உட்காரவைத்தோம். 'கடைசி ரூம்' போய் 'சைனாக்காரி' ஆனாள். உதட்டைப் படித்து அவளுக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. யாராவது சொன்னால் கண்ணை இழுத்துக் காட்டிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கடலை அவித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் மீன் நறுக்கிக்கொண்டிருப்பேன். வந்து என்னிடமிருந்து அரிவாள்மனையைப் பிடுங்கிக்கொள்வாள். கம்பெனியில் டீ நேரத்திலும் பெண்கள் அவள் ஜன்னலைத் தேடிப் போனார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க. அவள் டீ ஆறிப்போகும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மே மாதம் வீட்டுக்காரம்மா குழந்தையம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார். "ஏனுங் ரோஸ்மேரி, எங்க பேத்தி லீவுக்கு வந்திருக்குது. ஊட்டுக்குள்ளயே கெடந்து ஒரே சடவா இருக்குதுங்குது. உங்களோட உக்காந்து படம் பாக்கட்டுமுங்களா?" என்றார். வாடகைக்கு இருப்பவள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொல்லவும் தோன்றவில்லை. பேத்தி தேஜஸ்ரீ ஊட்டியில் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் மீடியம் படிப்பவள். நல்ல பெண், தலைக்கனம் கிடையாது. எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலை உரித்தாள்.

அன்றைக்குத் தொடரில் கொக்குப் பெண் வெள்ளை அங்கிக்காரன் காலைக் கட்டிக்கொண்டு அழும் இடம். மருதம்மாள் எங்களுக்குத் தாலி முடிச்சுப் போட்டுக் காட்டினாள். தேஜஸ்ரீ விழித்தாள்.

"அக்கா, அது வொய்ஃப் இல்லீங்க. அவுனுக்கு அக்காங்க."

"யாரு கண்ணு சொன்னா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"கீழ இங்கிலீஷ்ல போட்டிருக்குதுங்களே. சப்டைட்டில். போன ஜென்மத்துல இவங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களாமா."

வெடித்தது பாருங்கள் சிரிப்பு! "அடிப்பாவி, அக்காளுக்கும் தம்பிக்கும்ல தாலி கட்டி வச்சிட்டா!" என்று வெள்ளையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வராமல் எப்படி? மருதம்மாள் திரையில் ஏதோ வேடிக்கை வந்துவிட்டதென்று நினைத்துத் தானும் சிரித்தாள். சிரித்தபடியே திரையைப் பார்த்தாள். அங்கே அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முகம் பார்க்கத் தெரிந்தவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கியது.

நான்தான் அவளுக்குக் கையால் சொன்னேன். வயிற்றைத் தொட்டு, இரண்டு விரலைச் சேர்த்து, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று. எப்படித் தெரியும் என்று கேட்டாள். தேஜஸ்ரீ எழுந்து திரையின் அடியில் ஓடும் எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அது வரைக்கும் மருதம்மாள் அதை நகைக்கடை விளம்பரம் என்றுதான் நினைத்திருக்கிறாள், கேபிளில் அடியில் ஓடுமே அது மாதிரி. நாங்களும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. அவள் கிட்டே போய் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள். விரலுக்கு அடியிலேயே எழுத்து மாறியது.

அழுகிற முகத்தை அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். உறவுமுறை முகத்தில் எழுதியா இருக்கும்? ஒருத்தி ஒருவன் காலைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதால், எங்கள் ஊரில் அவள் பெண்டாட்டிதான். இதை நான் எல்லோரிடமும் சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? தேஜஸ்ரீ வரிவரியாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் முழுக்கத் தேஜஸ்ரீதான் கதை சொன்னாள். மருதம்மாள் வந்தாள், வராமல் இல்லை. பாயில் உட்காராமல் பழையபடி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உள்ளே வா என்று நான் கையைக் காட்டினால் பரவாயில்லை என்று தலையாட்டுவாள். பிறகு குழாயடியில் துணி அடிக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை.

ஜூனில் தேஜஸ்ரீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்த சி.டி.க்கு எங்களுக்கு மறுபடியும் ஆள் இல்லை. உடனே எல்லோருக்கும் மருதம்மாள் ஞாபகம் வந்தது. வெட்கம் கெட்ட ஜனம்! ஞாயிற்றுக்கிழமை நிலைப்படியில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பழைய இடத்தில் உட்காரவைத்தார்கள். "சைனாக்காரி, சொல்லு, சொல்லு" என்று வெள்ளையம்மாள் அவள் முகத்துக்கு நேராக வாயை அசைத்தாள்.

சிவப்புப் பட்டுக்காரி வந்தாள். யாரையோ பார்த்துப் புருவத்தை நெரித்தாள். எல்லோரும் மருதம்மாளைப் பார்த்தோம். அவள் கை மடியிலேயே கிடந்தது. கண் திரையின் அடியில் இருந்தது, அந்த எழுத்தில். ஒரு வரி மாறும், அடுத்த வரி வரும், அவள் கண் கூடவே போகும். மேலே முகங்கள் சிரித்தன, கோபித்தன, அழுதன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. வெள்ளையம்மாள் தோளைத் தட்டிக் கேட்டதற்கு, எழுத்தைக் காட்டிவிட்டு, தனக்குத் தெரியாது என்று கையை விரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜெபக்குமாரின் பெட்டியைக் குடைந்து, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்து, டிவித் திரையின் அடிப்பகுதியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒட்டினேன். எழுத்து மறைந்தது. "இப்பப் பாரு! இப்பச் சொல்லு!" என்று அவள் முன்னால் குத்தவைத்து, கையால் கேட்டேன். தப்பாகச் சொன்னால் என்ன? அந்த ஊர்க்காரன் வந்து கேட்கப்போகிறானா? யார் யாருக்கு வேண்டுமானாலும் தாலி கட்டிவிடு என்றுகூடச் சொன்னேன்.

அவள் எனக்காகத் தலையாட்டினாள். திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கண் இறங்கி டேப்புக்கு வந்துவிட்டது. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு அடியில் என்ன எழுதியிருக்கிறதோ என்று.

சி.டி. முடிந்து எல்லோரும் போன பிறகு, அவளே டேப்பை மெதுவாகப் பிரித்தெடுத்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த பசையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, கடலைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. துணி துவைக்கும் சத்தமும் இல்லை. நான் கடைசி அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டினேன். "மருதம்மா!" என்று கத்தினேன். வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்து, "அதுக்கு எப்புடிக்கா கேக்கும்?" என்றாள்.

கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருப்பவளை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளையம்மாளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடமும் அவளாகத்தான் வந்துகொண்டிருந்தாள்.