'சுகம்' என்று எழுதியது 'சுகர்' என்று போனது

1. புகார்

ஸ்டெல்லா பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கவுண்டருக்கு வந்து போனை என் முன்னால் வைத்தாள். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"அக்கா, நான் எழுதுனது ஒண்ணு, அங்க போனது வேறொண்ணு. எனக்க கையையே எனக்கு இப்ப நம்ப முடியல்ல," என்றாள்.

புதுக்கடை என்ற ஊரின் ஜங்ஷனில் இருந்த ஒரு மொபைல் கடையில் நான் 2004-ல் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டன் போன் காலம். சிம் போடுவது, ரீசார்ஜ் செய்வது, பாட்டு ஏற்றிக் கொடுப்பது என்று தொடங்கி, பிறகு டிஸ்பிளே மாற்றுவது வரைக்கும் கற்றுக்கொண்டேன். நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தது 2014 வாக்கில். டச் போன்கள் கல்ஃபிலிருந்து வந்து கடற்கரை வீடுகளை நிறைத்துக்கொண்டிருந்த நேரம். வாங்கி அனுப்புகிறவர்கள் ஆண்கள். இங்கே அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் பெண்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

ஸ்டெல்லாவின் வீடு பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்தில். கணவன் கிறிஸ்துதாஸ் சவுதியில் ஒரு அரபியின் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவன். வீட்டில் ஸ்டெல்லாவும் மாமியார் திரேசம்மாளும் மட்டும். மாமியாருக்கு மார்த்தாண்டத்தில் கண் புரை ஆபரேஷன் நடந்திருந்தது. நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டார். போட் கரைக்கு வரும்போதெல்லாம் கிறிஸ்துதாஸ் மெசேஜில் விசாரிப்பான். ஸ்டெல்லா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் பதில் போடுவாள். அன்றைக்கு எல்லாருமே அப்படித்தான் எழுதினோம்.

நான் போனை வாங்கி, அவள் அனுப்பிய மெசேஜ்களைப் படித்தேன். 'அம்மாவுக்கு சுகம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அம்மாவுக்கு சுகர்' என்று இருந்தது. அடுத்ததில் 'பயப்பட ஒண்ணும் இல்ல' என்று எழுதியிருக்கிறாள். அந்த 'இல்ல'வின் கடைசி எழுத்து காணாமல் போய், வெறும் 'இல்' என்று நின்றது. இங்கிலீஷில் அது நோயைக் குறிக்கும் சொல் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. அவன் அறையில் கூட இருந்த மலையாளிக்குத் தெரிந்திருந்தது. அவன்தான் படித்து அர்த்தம் சொன்னானாம்.

சுகர் இருக்கிற ஆளுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்தால் புண் ஆறாது என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கிறிஸ்துதாஸ் ஆடிப்போய்விட்டான். உடனே போன் போட்டிருக்கிறான். அம்மா நன்றாக இருக்கிறார் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவன் நம்பவில்லை.

"வாயில ஒண்ணு சொல்லுத, எழுத்துல ஒண்ணு எழுதுத, நான் எத நம்பட்டும்ணு கேக்குதாவ. வேலைய விட்டுட்டு வாறேன்னு அரபிகிட்ட சொல்லியாச்சாம்," என்றாள் ஸ்டெல்லா.

நல்ல அரபி கிடைப்பது கஷ்டம். இடையில் விட்டுவிட்டு வந்தால் திரும்பவும் விசாவுக்கு அலைய வேண்டும். அவளுக்கு அதுவும் பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம், கணவன் தன்னைப் பொய் சொல்கிறவள் என்று நினைத்துவிட்டானே என்பதுதான்.

2. முதல் நாள் பார்த்த வைத்தியம்

முதலாளி ராஜமணி அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வைரஸ் ஏறியிருக்கிறது, பார்மேட் அடித்துவிடு என்றார். அடித்தால் கிறிஸ்துதாஸ் அனுப்பிய மெசேஜ்கள் மொத்தமும் போய்விடும். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

பட்டன் போனிலும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு. டிக்ஷனரி ஆன் ஆகிக் கிடந்தால் நாம் அடிப்பது ஒன்றும் வருவது ஒன்றுமாக இருக்கும். ஆஃப் செய்தால் சரியாகிவிடும். இதுவும் அதுதான் என்று நினைத்து செட்டிங்கில் போய்த் தேடினேன். அந்தப் போனில் செட்டிங்கே ஒரு காடு. மொழி என்ற தலைப்புக்குள் கீபோர்டு, அதற்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் ஆட்டோ கரெக்‌ஷன். ஆஃப் செய்து, ஸ்டெல்லாவின் கையிலேயே கொடுத்து 'சுகம்' என்று அடிக்கச் சொன்னேன். 'சுகம்' என்றே நின்றது. அவள் நிம்மதியாக பஸ் ஏறினாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு நாளில் திரும்பி வந்தாள். மறுபடியும் 'சுகர்' போயிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. செட்டிங்கைத் திறந்து பார்த்தால் நான் ஆஃப் செய்தது ஆஃபாகத்தான் இருக்கிறது. என் கையால் அடித்தால் சரியாக வருகிறது. அவள் வீட்டில் போய் அடித்தால் மாறுகிறது. வீட்டில் அடித்தால் மட்டும் எப்படி மாறும் என்று கேட்டால், ராஜமணி அண்ணன் இனயத்தில் டவர் சரியில்லை என்றார். டவருக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு அப்போது தைரியமில்லை. இருந்தாலும் இருக்குமோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். வீட்டில் எப்படி அடிப்பாயோ அப்படியே அடி, நான் பேச மாட்டேன் என்றேன். அவள் அடித்தாள், நான் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது.

முதலாவது, இடையில் அவள் விரல் ஸ்பேஸ் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்த உலக உருண்டைப் படத்தில் பட்டது. கீபோர்டின் நிறம் லேசாக மாறியது. போனில் இருந்தது ஒரு கீபோர்டு அல்ல, இரண்டு. அவளுடைய தம்பி எப்போதோ இன்னொன்றை இறக்கி வைத்திருக்கிறான். நான் ஒன்றில்தான் ஆஃப் செய்திருந்தேன். மற்றது தன் பாட்டுக்குத் திருத்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது, ஸ்டெல்லாவின் கண் முழுக்க எழுத்துகள் இருக்கிற இடத்திலேயே இருந்தது. மேலே வரியில் என்ன விழுகிறது என்று அவள் பார்க்கவே இல்லை. 'சுகம்' என்று அடித்து ஸ்பேஸைத் தட்டிய நொடியில் அது 'சுகர்' ஆனது. அவள் குனிந்தபடியே அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் அம்புக்குறியைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது கீபோர்டை எடுத்துவிட்டேன். 'சுகம்', 'இல்ல' இரண்டையும் டிக்ஷனரியில் புதுச் சொல்லாகச் சேர்த்தும் வைத்தேன். அங்கிருந்தே அவள் ஒரு மெசேஜ் அனுப்பினாள். அம்மாவுக்கு சுகம், ஒண்ணும் இல்ல, போன் தப்பா எழுதிட்டு. ஒரு எழுத்துகூடப் பிசகாமல் போனது.

3. சரியாகப் போன மெசேஜ்

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் கடை திறந்த உடனே ஸ்டெல்லா நின்றாள். கிறிஸ்துதாஸ் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். நேற்று வரைக்கும் சுகர், இன்றைக்குச் சுகம், இப்படி மாற்றி எழுதச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறான். போன் தானாக மாற்றும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. தப்பாகப் போனபோது நம்பினான், சரியாகப் போகும்போது நம்பவில்லை. இது என்ன மனுஷன் என்று கேட்டேன். அப்போதுதான் ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு விஷயத்தைச் சொன்னாள்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் கிறிஸ்துதாஸின் அப்பா இறந்துபோனார். அவன் அப்போதும் சவுதியில்தான். அப்பாவுக்கு லேசான காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார்கள். அந்த நாட்களில் போனில் அவனிடம் பேசியது ஸ்டெல்லா. அன்றிலிருந்து, எல்லாரும் சுகம் என்று அவள் சொன்னால் அவன் இரண்டு தடவை கேட்பான்.

நான் போனைக் கையில் எடுத்தேன். இதற்கு எந்த செட்டிங்கில் போய் எதை ஆஃப் செய்வது?

வாய்ஸ் மெசேஜ் அப்போதுதான் வந்திருந்தது. மாமியாரையே பேசவைத்து அனுப்பு என்றேன். ஸ்டெல்லாவுக்கு அதைச் செய்யத் தெரியாது. மத்தியானம் ஆட்டோ பிடித்து திரேசம்மாளைக் கடைக்கே கூட்டிவந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்ட, ஒல்லியான அம்மா. பட்டனை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். போனை வாய்ப்பக்கம் நீட்டினேன். அவர் போனைப் பார்க்காமல், வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"லேய் தாசா, அம்மைதான் பேசுகேன். கண்ணு கட்டு அவுத்தாச்சு, எனக்கு சுகர் ஒண்ணும் கெடையாது. உனக்க அப்பன் போனப்ப உன்னிட்ட மறைக்கச் சொன்னது நான். நடுக்கடல்ல கெடந்து நீ ஒத்தைக்கு அழாண்டாம்ணு நெனச்சேன். ஸ்டெல்லா வேண்டாம்ணுதான் சொன்னா, நான்தான் கேக்கல்ல. அவள ஒண்ணும் சொல்லாத மக்கா."

அவர் நிறுத்திய பிறகும் நான் விரலை எடுக்காமல் நின்றேன். ராஜமணி அண்ணன்தான் என் தோளைத் தட்டினார். ஸ்டெல்லா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மறைக்கச் சொன்னது தான்தான் என்று மாமியார் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

4. வந்தவன்

இனி அவன் வரமாட்டான் என்று நாங்கள் எல்லாரும் முடிவு செய்திருந்தோம். அடுத்த வாரமே வந்துவிட்டான்.

கடைக்கும் வந்தான். உயரமான ஆள், வெயிலில் கறுத்த முகம். போன் செய்த குழப்பத்தால் வேலை போன கோபத்தில் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவன் ஸ்டெல்லாவின் போனைக் கவுண்டரில் வைத்து, இது எப்படிச் சொல்லை மாற்றும், ஒருதடவை காட்டித் தர முடியுமா என்று கேட்டான். டிக்ஷனரியில் நான் சேர்த்துவைத்த சொல்லை எடுத்துவிட்டு, திருத்துவதை ஆன் செய்து, அவன் கண் முன்னால் 'சுகம்' அடித்து ஸ்பேஸைத் தட்டினேன். மாறியதைப் பார்த்தான். இன்னொரு தடவை காட்டச் சொன்னான். பிறகு அவனே அடித்துப் பார்த்தான்.

அம்மாவின் குரல் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றான். நம்பவில்லையா என்றேன்.

"நம்பினேன் அக்கா. அந்தச் சத்தத்தைக் கேட்டப்பறவு அங்க நிக்க முடியல்ல," என்றான்.

வேறு விசா கிடைக்க அவனுக்குப் பல மாதம் ஆனது. அதுவரை தேங்காய்ப்பட்டணத்தில் வேறொருவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். ஸ்டெல்லா ரீசார்ஜுக்கு வரும்போது சிரித்த முகமாக வந்தாள்.

கடை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எழுத்து மாறிப்போகிறது என்று யாராவது போனை நீட்டினால், செட்டிங்கைத் திறக்காதீர்கள். முதலில் அவர்களை உட்காரவைத்து அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அனுப்புவதற்கு முன் மேலே ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பிறகு, யாருக்கு எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். சொல்லைச் சரியாக அனுப்பிவைப்பது வரைக்கும்தான் நம் வேலை. அந்தப் பக்கம் இருக்கிற ஆள் அதை எப்படிப் படிப்பான் என்பது, அந்த வீட்டில் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.