பேரரசரின் சித்தப்பா மகள்

அடெல்பியா பேரரசரின் சித்தப்பா மகள். அந்த உறவைச் சொல்லி ரவென்னா நகரில் எல்லோரும் பெருமைப்பட்டார்கள், அவளைத் தவிர. அவளுடைய பதினான்காம் வயதிலிருந்து நான்தான் அவளுக்குத் தலை வாரினேன்.

பேரரசருக்குப் பிள்ளையில்லை. அடெல்பியாவை மணப்பவனுக்கு அரியணை கைக்கெட்டும் தூரம் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சுதான் அவள் கணவனைக் கொன்றது. அரண்மனை விருந்துக்கு அழைத்துப் போனார்கள். மோதிரம் மட்டும் திரும்பி வந்தது. அதன்பின் வாசலில் குதிரைச் சத்தம் கேட்டாலே அவள் கழுத்து நரம்பு என் விரலுக்கடியில் துடிக்கும். நான் தின்று பார்த்த மீனைத்தான் அவளும் தின்பாள்.

ஒரு காலை அவள் அண்ணன் லியோந்தியஸ் வந்தான்.

“தளபதி உன்னைக் கேக்கறார். சரின்னுட்டேன். பத்து நாள்ல கல்யாணம்.”

“அண்ணா, ஒருத்தரைக் கொன்னாச்சு. போதாதா?”

“இப்ப நம்ம பக்கம் படை இருக்கு. எதுக்கு இப்படி நடுங்கற?”

“அரண்மனைக்குத் தெரிஞ்சா?”

“யார் போய்ச் சொல்லப் போறா?” என்றபடி என்னைப் பார்த்தான்.

அவன் போனதும் அவள் கதவைத் தாழிட்டாள். “கத்திரியை எடு. ஒட்ட வெட்டு.”

“வேண்டாம்மா. உங்க அண்ணன் என்னை உயிரோட விடமாட்டார்.”

“துறவியாயிட்டா எவனும் கட்டிக்க வரமாட்டான். வெட்டுடி, தைரியம் போறதுக்குள்ள.”

ஓரிடத்தில் தோலையும் வெட்டிவிட்டேன். ரத்தம் காதோரம் வழிந்தது. அவள் துடைக்கக்கூட இல்லை. முக்காட்டோடு மாதாகோவில் ஆயரிடம் நடந்தே போனோம். நண்பகலுக்குள் துறவு வாக்கு கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அரண்மனைக் காவலர்கள் வந்தார்கள். தளபதியின் ஆட்களில் யாரோ கல்யாண ஏற்பாட்டைக் காட்டிக்கொடுத்திருந்தார்கள். காவலர் தலைவன் முக்காட்டை விலக்கச் சொன்னான். அந்தத் தலையையே வெகுநேரம் பார்த்தான்.

“உங்க அண்ணன் எங்கே?”

அவள் முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர்கள் தேடிப்போய்த் துறைமுகத்தில் அவனைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் தலையை வெட்டினார்கள்.

“அவன்கிட்ட ஓடிப்போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி. என் தலையைக் காப்பாத்திக்கற அவசரத்துல மறந்துட்டேன்” என்று அழுதாள்.

அண்ணன் மனைவி கைக்குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினாள். அதுவும் பெண், அதே ரத்தம். மாதாகோவிலை ஒட்டிய வீட்டில் என் அக்காள் பேத்தி என்று சொல்லி வளர்த்தோம். வளர்ந்ததும் ஓர் உப்பு வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்தோம். இன்று அவளுக்கு மூன்று பிள்ளைகள். யாரும் அவர்களைத் தேடி வந்ததில்லை.

பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், தன்னை அத்தை என்று அழைக்க அடெல்பியா அந்தப் பெண்ணை ஒருநாளும் விடவில்லை.